ஸ்பானியல் குட்டிகளை அடித்துப் பழக்கச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் அண்மையில் வெளிவந்த நாய் வளர்ப்புக் கட்டுரையைப் படித்தேன். தடுப்பூசி, குடற்புழு நீக்கம், உணவு ஆகியவற்றைப் பற்றி அதில் சொல்லியிருந்தவை பெரும்பாலும் சரியானவையே. ஆனால் பழக்குவதைப் பற்றிய பகுதியில், வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும் குட்டியின் மூக்கை அந்த ஈரத்திலேயே தேய்க்க வேண்டும் என்றும், செய்தித்தாளைச் சுருட்டித் தட்டினால் வலிக்காது, சத்தத்துக்கே குட்டி அடங்கிவிடும் என்றும், கடிக்க வந்தால் வாயை இறுக்கிப் பிடித்து அதட்ட வேண்டும் என்றும் எழுதப்பட்டிருந்தது. செய்தித்தாளுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்று செய்தித்தாளே சொல்லலாமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். கட்டுரைக்குப் போட்டிருந்த படம் காக்கர் ஸ்பானியல் குட்டியின் படம். இந்த அறிவுரைகளால் மிக விரைவில் கெட்டுப்போகக்கூடிய இனங்களில் அதுவும் ஒன்று என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கால்நடை பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக மேலூர், உசிலம்பட்டிப் பக்கங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தில் என் கைக்கு வந்தவை மாடுகளும் ஆடுகளும் கோழிகளுமே. நாய் என்றால் வெறிநோய்த் தடுப்பூசியோடு சரி. ஸ்பானியலை நான் அறிந்தது வீட்டில் வளர்த்ததாலும், அக்கம்பக்கத்தார் தங்கள் குட்டியைத் தூக்கிக்கொண்டு யோசனை கேட்க வருவதாலும்தான். வருபவர்களில் பலர் ஒரே வகையான கதையைச் சொல்கிறார்கள். நீண்ட காதையும் கண்ணையும் பார்த்துப் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள், வாங்கினோம். சில மாதங்களில் அது உறுமுகிறது, கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது, கூப்பிட்டால் வருவதில்லை. அல்சேஷனையும் ராட்வீலரையும் பழக்கும் மாஸ்டர் ஒருவரை வரவழைத்தோம், அவர் இறுக்குச் சங்கிலி போட்டுப் பழக்கினார், அதன் பிறகு இன்னும் மோசமாகிவிட்டது. குட்டியைக் குறை சொல்வதற்கு முன் அது எந்த வேலைக்காக உருவாக்கப்பட்டது என்பதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஸ்பானியல்கள் பறவை வேட்டைக்கான நாய்கள். வேட்டைக்காரரின் துப்பாக்கி எட்டும் தொலைவுக்குள்ளேயே முன்னால் ஓடி, புதருக்குள் புகுந்து, பதுங்கியிருக்கும் பறவையைக் கிளப்பிவிடுவதும், சுடப்பட்டு விழுந்ததைப் பல் பதியாமல் கவ்விக்கொண்டு வந்து கையில் கொடுப்பதும் அவற்றின் தொழில். இங்கிலாந்தில் ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் சிறியவற்றைக் காக்கர் என்றும் பெரியவற்றை ஸ்பிரிங்கர் என்றும் அழைத்துவந்த காலம் உண்டு. நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பாக 1873-இல் தொடங்கப்பட்ட அந்நாட்டுக் கென்னல் கிளப் காக்கரைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது 1890-களில்தான். நம் சிப்பிப்பாறையோ கன்னியோ முயலைக் கண்டால் யாரையும் திரும்பிப் பாராமல் காற்றாய்ப் பறக்க வேண்டிய நாய். கோம்பை அந்நியரைக் கண்டால் தானாகவே எதிர்த்து நிற்க வேண்டிய நாய். ஸ்பானியலோ அடிக்கொரு தரம் மனிதரின் முகத்தையும் கையசைவையும் பார்த்து வேலை செய்ய வேண்டிய நாய். தலைமுறை தலைமுறையாக அந்தக் குணத்துக்காகவே பொறுக்கி எடுத்து இனப்பெருக்கம் செய்யப்பட்டது. நம் குரலில் ஏறும் சிறு கடுமையைக்கூட உடனே உணர்ந்துகொள்ளும் பிராணியிடம், முரட்டு நாயிடம்கூடக் காட்டத் தகாத கடுமையைக் காட்டினால், அது கற்றுக்கொள்வதை நிறுத்திவிட்டுத் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியைத் தேடத் தொடங்குகிறது.

கட்டுரையாளர் எடுத்துக்கொண்ட சிறுநீர் விவகாரத்தையே பார்ப்போம். காக்கர் குட்டி வீட்டுக்குள் சிறுநீர் விடுவதில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, மூத்திரப்பை நிரம்பி இருக்கிற இடத்திலேயே விட்டுவிடுவது. இரண்டாவது வகை, வேலைக்குப் போனவர் திரும்பிவந்து கதவைத் திறந்ததும், அல்லது வீட்டுக்கு வந்த விருந்தினர் குனிந்து தலையைத் தடவப் போனதும், காதுகளைப் பின்னுக்கு மடக்கி, உடலைத் தரையோடு தாழ்த்தி, சில வேளைகளில் மல்லாந்து படுத்துச் சொட்டுச் சொட்டாக விடுவது. இது பழக்கக் குறைவும் அல்ல, பிடிவாதமும் அல்ல. பெரிய நாய்க்கு முன்னால் சிறிய குட்டி, தன்னால் எந்தத் தீங்கும் இல்லை என்று காட்டும் பணிவுக்குறி அது. மென்மையான சுபாவமுள்ள ஸ்பானியல்களில் இதை அதிகமாகவே காணலாம். அப்படிப் பணியும் குட்டியை அதட்டினால், காட்டிய பணிவு போதவில்லை போலும் என்றே அது எடுத்துக்கொள்ளும். அடுத்த முறை நம்மைக் கண்டதும் இன்னும் அதிகமாக விடும். மூக்கைத் தேய்ப்பவர்களின் வீடுகளில் இந்தப் பழக்கம் மாதக்கணக்கில் நீடிப்பதற்கு இதுவே காரணம்.

இதற்கான வழி மிகவும் எளிது. ஆனால் வீட்டிலுள்ள அனைவரும் ஒத்துழைக்க வேண்டும். வெளியிலிருந்து வருபவர் குட்டியை உற்றுப் பார்க்காமல், கொஞ்சாமல், செருப்பைக் கழற்றிவிட்டுத் தம் வேலையைக் கவனிக்க வேண்டும். அது துள்ளி அடங்கிய பிறகு, எதிரே நின்று குனியாமல் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து, தலைக்கு மேலாகக் கையை நீட்டாமல் மார்பின் அடிப்பக்கம் தடவிக் கொடுக்க வேண்டும். விருந்தினர் வரும் வேளையில் குட்டியை வாசலிலோ மொட்டைமாடியிலோ வைத்துப் பார்க்கச் செய்தால் தரையும் பிழைக்கும். இப்படி நடத்தப்படும் குட்டிகளில் பெரும்பாலானவை வளர வளர இதை விட்டுவிடுகின்றன. விடாமல் தொடர்ந்தாலோ, அடிக்கடி முக்கி முக்கிக் கழித்தாலோ, சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முதல் வகைக்குக் காவலும் நேர ஒழுங்குமே மருந்து. இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடக்கிவைத்திருக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு போய் ஒரே இடத்தில் விட வேண்டும்; அது முடித்த அந்தக் கணத்திலேயே பாராட்டி ஒரு துண்டு தின்பண்டம் தர வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் பால்கனியில் ஒரு தட்டில் மண்ணோ புல்லோ பரப்பிவைக்கலாம். செய்தித்தாளைச் சுருட்டாமல் விரித்துப் போட்டும் பயன்படுத்தலாம், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. தவறிப்போய் உள்ளே விட்டுவிட்டால் ஒன்றும் சொல்லாமல் துடைத்துவிட வேண்டியதுதான். ஃபினாயில் ஊற்றிக் கழுவுவதால் நம் மூக்குக்கு மட்டுமே வாடை மறைகிறது. குட்டியின் மூக்குக்கு மறைவதில்லை. ஈரம் காயாத ஃபினாயில் தரையில் நடந்து பாதத்தை நக்குவது அதன் உடலுக்கும் கேடு. சிறுநீர் வாடையைப் போக்குவதற்கென்றே நொதி கலந்த திரவங்கள் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கின்றன.

“செய்த தப்பு அதற்கே தெரியும் சார், நாங்கள் உள்ளே நுழைந்ததுமே தலையைக் குனிந்துகொள்கிறது” என்று பலர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதையே சோதித்து 2009-இல் வெளியிட்டிருக்கிறார். தின்னக்கூடாது என்று சொல்லிவைத்த தின்பண்டத்தை நாய் உண்மையில் தின்றதா இல்லையா என்பதற்கும் அதன் ‘குற்ற முகத்துக்கும்’ தொடர்பில்லை. உரிமையாளர் திட்டினாரா இல்லையா என்பதோடுதான் தொடர்பு இருந்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களும் அதே முகத்தைக் காட்டின. நாம் காண்பது குற்ற உணர்வு அன்று, நம் முகத்தைப் பார்த்து அதற்கு உண்டாகும் அச்சம். காலையில் விட்ட சிறுநீருக்காக மாலையில் அடிப்பவர், தாம் வீடு திரும்புவது ஆபத்தான நிகழ்ச்சி என்பதை மட்டுமே குட்டிக்குக் கற்றுக்கொடுக்கிறார்.

விலங்குகள் எப்படிக் கற்கின்றன என்பது நூறாண்டுகளுக்கு மேலாக ஆராயப்பட்டுவரும் துறை. மணியோசைக்கும் உணவுக்கும் நாய் முடிச்சுப் போடுவதை ரஷ்யாவின் பாவ்லோவும், பலன் தரும் செயலையே பிராணி திரும்பத் திரும்பச் செய்யும் என்பதை அமெரிக்காவின் தார்ன்டைக்கும் அவருக்குப் பின் ஸ்கின்னரும் விளக்கியிருக்கிறார்கள். வீட்டுக்கு வேண்டிய அளவில் இதன் சாரம், குட்டி நாம் விரும்பும் ஒன்றைச் செய்த ஓரிரு நொடிகளுக்குள் அதற்கு விருப்பமான ஒன்று கிடைக்க வேண்டும் என்பதே. கொண்டைக்கடலை அளவுக்கு வேகவைத்த கோழித் துண்டோ ஈரல் துண்டோ போதும். அந்த அளவை அன்றாட உணவில் கழித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் காக்கர்கள் எளிதில் பருத்துவிடும். ஒரு வேளைக்கு மூன்று நிமிடம், நான்கு நிமிடம், அவ்வளவுதான். திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு என்பதையும், ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணியின் வெந்த எலும்பு குடலைக் கிழிக்கக்கூடியது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

கடிப்பது அடுத்த புகார். குட்டிக்குப் பால் பற்கள் 28. நான்காம் மாதமளவில் அவை விழத் தொடங்கி, ஏழாம் மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் வந்துவிடும். அந்தக் காலம் முழுவதும் ஈறு நமைச்சலால் கண்டதையெல்லாம் கடிக்கும். வாயை இறுக்கிப் பிடித்தால், மனிதரின் கை முகத்தருகே வருவதே அதற்கு அச்சமாகிவிடும். பின்னாளில் மருந்து புகட்டவோ கண்ணைத் துடைக்கவோ அந்தக் கையை அது நம்பாது. பல் பட்டதும் விளையாட்டை நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு சில நொடிகள் பேசாமல் நின்று, அது தணிந்ததும் கடிக்கத்தக்க பொருளைத் தருவதே போதுமானது. நனைத்து முறுக்கி உறையவைத்த துணி, குளிர்ந்த கேரட் ஆகியவை ஈறுக்கு இதமாக இருக்கும். மாலையில் வெறி பிடித்தாற்போல் கடிக்கும் குட்டி பெரும்பாலும் தூக்கம் போதாத குட்டிதான். நாளில் பதினெட்டு மணி நேரம் தூங்க வேண்டிய வயதில், பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் மாற்றி மாற்றி எழுப்பினால் அது வேறு என்ன செய்யும்?

கவ்விக்கொண்டு திரிவது ஸ்பானியலின் பிறவித் தொழில் என்று மேலே சொன்னேன். வேட்டையில் பறவையைக் கவ்வ வேண்டிய வாய், வீட்டில் செருப்பையும் சாக்ஸையும் டிவி ரிமோட்டையும் கவ்வுகிறது. குடும்பமே கூடித் துரத்தி, மூலையில் மடக்கி, தாடையைப் பிளந்து பறிக்கிறது. நாலைந்து முறை இப்படி நடந்தால், கவ்விய பொருளோடு கட்டிலுக்கு அடியில் போய் உறுமும் நாய் உருவாகிவிடுகிறது. காக்கர்களைப் பற்றி நான் கேட்கும் உறுமல் புகார்களில் பெரும்பகுதி இங்கே தொடங்கியதுதான். துரத்தாமல், அதைவிட மேலான ஒன்றைக் காட்டிப் பண்டமாற்றாக வாங்க வேண்டும். கோழித் துண்டைத் தின்ன வாயைத் திறக்கும்போது ‘கொடு’ என்ற சொல்லைச் சொல்லிக்கொண்டே வந்தால், பின்னர் அந்தச் சொல் ஒன்றே போதும். ஆபத்தில்லாத பொருளானால் சில வேளை அதையே திருப்பிக் கொடுத்துவிடுவதும் நல்லது. நம் கைக்குப் போனது திரும்பியும் வரும் என்று அறிந்த நாய் எதையும் ஒளிக்காது.

இனி காது. கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை; என் கணக்கில் ஸ்பானியல் பழக்குவதில் முக்கால் பங்கு இதுதான். தொங்கும் காது, அதன் உட்புறமும் அடர்ந்த மயிர், காற்றோட்டம் குறைவு. குளிப்பாட்டிய ஈரமோ மழைக்கால ஈரமோ உள்ளே தங்கிவிட்டால் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகிக் காதுக் குழல் புண்ணாகிவிடுகிறது. தலையை அடிக்கடி உதறுவது, காதைத் தரையில் தேய்ப்பது, பழுப்பு அழுக்கு, கெட்ட வாடை ஆகியவை அறிகுறிகள். நம் ஊர்ப் பொட்டல்களில் நடந்துவந்தால் ஒட்டுப்புல்லும் நாயுருவியும் காது மயிரில் சிக்கி வரும். உண்ணியும் காது மடிப்பில்தான் முதலில் ஒளிந்துகொள்ளும். ஆகவே இந்த நாயின் காதை வாழ்நாள் முழுவதும் வாரம் ஒருமுறையாவது யாரேனும் தூக்கிப் பார்த்தே ஆக வேண்டும். வலிக்கும் காதை நான்கு பேர் அமுக்கிப் பிடித்து மருந்து ஊற்றினால், ஐந்தாவது முறை அது கடிக்கும். கடித்ததற்கு அடி விழும். அடித்த பிறகு காதருகே யாரையும் விடாது. புண் முற்றிக் காது கேளாமல்போகும் நிலைகூட வரும். திடீரென்று முரடாகிவிட்டதாகச் சொல்லி என்னிடம் கொண்டுவரப்படும் காக்கரின் காதை முதலில் முகர்ந்து பாருங்கள் என்றுதான் சொல்வது வழக்கம்.

குட்டி வீட்டுக்கு வந்த வாரத்திலேயே இதற்கான பழக்கத்தைத் தொடங்கிவிடலாம். ஒரு விரலால் காதின் நுனியைத் தொட வேண்டும், மறு கையால் தின்பண்டம் தர வேண்டும், விரலை எடுத்ததும் தின்பண்டமும் நிற்க வேண்டும். விரல் காதருகே வரும்போதே குட்டி ஆவலோடு நிமிர்ந்து பார்க்கத் தொடங்கிய பிறகுதான் மடலைத் தூக்குவது. அதற்கும் இணங்கிய பிறகு பஞ்சைக் காட்டுவது. பின் மருந்துப் புட்டியை மூடியோடு அருகில் கொண்டுவருவது. முகத்தைத் திருப்பினால், உதட்டை நக்கினால், பின்வாங்கினால் அங்கேயே நிறுத்தி முந்தைய படிக்கு வந்துவிட வேண்டும். உள்ளங்கையில் தாடையை வைத்துக்கொள்ளப் பழக்கிவிட்டால் இன்னும் நல்லது; தாடை கையில் இருக்கும் வரை துடைக்கலாம், எடுத்துவிட்டால் நிறுத்திவிடலாம். விட்டுவிடுவார்கள் என்று தெரிந்த குட்டி அதிக நேரம் பொறுத்துக்கொள்கிறது. நகம் வெட்டுவது, சிக்கெடுப்பது, பல் துலக்குவது எல்லாம் இதே வழிதான். காதுக் குழலுக்குள் பட்ஸ் விட்டுக் குடைய வேண்டாம். சோற்றுத் தட்டை மாற்றி, வாய் குறுகிய ஆழமான கிண்ணத்தில் உணவு வைத்தால் காது உணவில் தோயாமல் வெளியே தொங்கும்.

கழுத்தில் போடும் இறுக்குச் சங்கிலி காக்கருக்குக் குறிப்பாகவே ஆகாதது. கழுத்துப்பட்டையை நாய் இழுக்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் உயர்வதையும், மார்புப்பட்டையை இழுக்கும்போது அப்படி உயராததையும் 2006-இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து காட்டியது. கண் அழுத்த நோய் பரம்பரையாக வரக்கூடிய இனங்களில் காக்கர் முன்னணியில் இருப்பது. இதை அறிந்தும் அதன் கழுத்தைச் சுண்டி இழுத்துப் பழக்குவதை என்னவென்று சொல்வது? மார்புப்பட்டை அணிவித்து, கயிறு விறைத்தால் நின்று, தளர்ந்தால் நடந்தால், இழுத்தால் வழி நீளும் என்பது அதற்கே விளங்கிவிடும். நடத்திச் செல்லும் நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். அக்கினி நட்சத்திர நாட்களில் காலை ஏழு மணிக்கு மேல் மதுரைத் தார்ச்சாலையில் குட்டியை இறக்கக் கூடாது. புறங்கையைச் சாலையில் வைத்துப் பார்த்து, நமக்குத் தாங்காவிட்டால் அதற்கும் தாங்காது.

குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம் மிகக் குறுகியது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரிலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகிய இருவரும் ஆண்டுக்கணக்கில் ஐந்து இனக் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த ஐந்தில் காக்கர் ஸ்பானியலும் ஒன்று. ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி கண்டு கேட்டுப் பழகுபவை பின்னாளில் அதற்கு அச்சம் தருவதில்லை என்பது அவர்களின் முக்கியமான கண்டறிதல். நம் ஊரில் இந்தக் காலம் இரண்டு வழிகளில் வீணாகிறது. முதலாவது, 30 நாள் குட்டியை விற்பதும் வாங்குவதும். உடன்பிறந்தவற்றோடு கட்டிப் புரண்டு, எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்று கற்கும் பாடம் அதோடு நின்றுவிடுகிறது. 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள் எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. குட்டியின் வயதை இரண்டு வாரம் கூட்டிச் சொல்லும் விற்பனையாளர்களும் இருக்கிறார்கள், பல்லைப் பார்க்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நல்லது.

இரண்டாவது, தடுப்பூசிகள் முடியும் வரை வீட்டுக்குள்ளேயே பூட்டிவைப்பது. குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்ற வைரஸ் நோய் மீதான அச்சம் நியாயமானதே. அந்த நோயில் குட்டிகள் மாள்வதை நானே கண்டிருக்கிறேன். ஆனால் ஊசிகள் முடியும்போது நான்கு மாதம் ஆகிவிடுகிறது, பழகும் காலம் கடந்துவிடுகிறது. தரையில் விடாமல் கையிலோ கூடையிலோ வைத்துக்கொண்டு வெளியே கொண்டுபோகலாமே. தெப்பக்குளக் கரையில் மாலையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். பிள்ளைகள், பலூன்காரர், ஹெல்மெட் அணிந்தவர், மிதிவண்டி, சுண்டல் வண்டி மணி எல்லாவற்றையும் பாதுகாப்பான தொலைவிலிருந்து தின்பண்டத்தோடு அது பார்த்துவிடும். அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் நடத்தையியல் சங்கமும் 2008-இல் இதையொட்டியே சொன்னது: முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் கழிந்ததும், தூய்மையான இடத்தில் மற்றக் குட்டிகளோடு பழகவிடலாம். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களின் கொட்டும் வெடியும், பின்னர் தீபாவளியும் நம் நாய்களுக்குப் பெருஞ்சோதனை. வெடிச்சத்தத்தைக் கைப்பேசியில் காதுக்கு எட்டியும் எட்டாத அளவில் ஒலிக்கவிட்டு உணவு தந்து, பல நாட்களில் சிறிது சிறிதாகக் கூட்டிவந்தால் பெரும்பாலான குட்டிகள் தாங்கிக்கொள்ளும். இதைத் தீபாவளிக்கு முந்தைய நாள் தொடங்கிப் பயனில்லை.

கூப்பிட்டால் வராத நாயைப் பற்றி ஒன்று மட்டும். ஸ்பானியலின் மூக்கு தரையைத் தொட்டுவிட்டால் காது மூடிக்கொள்ளும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டு வந்ததும் கயிற்றைப் பூட்டி வீட்டுக்கு இழுத்துப்போனால், வருவது நஷ்டம் என்று அது கணக்குப் போடும். நீண்ட கயிற்றில் விட்டு, கூப்பிட்டு வந்ததும் தின்பண்டம் தந்து, உடனே மீண்டும் மோந்து பார்க்க அனுப்பிவிட வேண்டும். பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை திரும்ப அனுப்ப வேண்டும். தண்டிப்பதற்காக ஒருமுறைகூடக் கூப்பிடக் கூடாது.

‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழியை என்னிடம் சொல்லாதவர் குறைவு. மாட்டோடு பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில், அது மாட்டுக்கே பொருந்தாது என்பது என் கருத்து. அடிக்குப் பழகிய மாடு மடியில் கை வைக்கவிடாது என்பதைப் பால் கறப்பவர்கள் அறிவார்கள். அடித்து வளர்த்த நாயும் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அடி ஒரு செயலை அந்த நேரத்துக்கு நிறுத்தும், அதனால்தான் அடிப்பவருக்கு அது வேலை செய்வதாகத் தோன்றுகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் போர்ச்சுகல் நாட்டு ஆய்வாளர்கள் 92 வீட்டு நாய்களை வைத்துப் பார்த்து 2020-இல் எழுதியிருக்கிறார்கள். தண்டனையை மிகுதியாகப் பயன்படுத்திய பயிற்சிப் பள்ளிகளின் நாய்கள் பயிற்சியின்போது பதற்றக் குறிகளை அதிகம் காட்டின. அவற்றின் உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவும் பயிற்சிக்குப் பின் கூடுதலாக உயர்ந்திருந்தது. மேற்சொன்ன அமெரிக்கச் சங்கம் 2021-இல் எல்லா நாய்களுக்கும் வெகுமதி வழிப் பயிற்சியையே பரிந்துரைத்துவிட்டது. மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டையை வேல்ஸ் 2010-லேயே தடை செய்திருக்க, இங்கே அது இணையக் கடைகளில் எவரும் வாங்கக்கூடிய பொருளாக இருக்கிறது.

மென்மை என்றால் செல்லம் கொடுத்துக் கெடுப்பது என்று எவரும் எண்ண வேண்டாம். சாப்பாட்டு மேசையருகே ஒரு பருக்கைகூடப் போடக் கூடாது, மேலே தாவினால் எவரும் கொஞ்சக் கூடாது, தாத்தா ஒரு விதி பேரன் ஒரு விதி என்று இருக்கக் கூடாது. செருப்பைக் கடிக்கக் கூடாது என்றால் செருப்பை அலமாரியில் வைத்துப் பூட்டுவது நம் கடமை. இவை அடிப்பதைவிட அதிகக் கட்டுப்பாடு வேண்டுபவை, அதுவும் மனிதரின் பக்கத்தில். சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு பிராணியை அடித்துத் துன்புறுத்துவதைக் குற்றமாக்குவதோடு, எப்போதும் சங்கிலியில் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தராமல் விடுவதையும் குற்றமாகவே வைத்திருக்கிறது. முதல் முறைக் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதம் 50 ரூபாய் என்பதால் எவரும் பொருட்படுத்துவதில்லை.

தங்களிடம் நான் வேண்டுவது, அந்தக் கட்டுரையின் பழக்குதல் பகுதிக்கு ஒரு திருத்தம் வெளியிட்டு, விலங்கு நடத்தை தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரைக் கொண்டு அப்பகுதியைப் புதிதாக எழுதச் செய்ய வேண்டும் என்பதே. கால்நடை பராமரிப்புத் துறைக்கும் தங்கள் வாயிலாக ஒரு விண்ணப்பம்: மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, முதல் தடுப்பூசி முடித்த குட்டிகளையும் அவற்றை வளர்ப்பவர்களையும், கிருமிநாசினியால் கழுவிய ஒரு கூடத்தில் ஒரு மணி நேரம் கூட்டிவைத்தால் போதும். அதற்குப் புதிய கட்டடமும் வேண்டாம், பெரிய செலவும் இல்லை. குட்டி விற்பவர்கள், இன்று கையில் கொடுத்தனுப்பும் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில், எட்டு வாரம் நிறையும் முன் தாயிடமிருந்து பிரிக்கவில்லை என்ற உறுதிமொழியையும், காதைத் தொட்டுப் பழக்கும் முறையையும், எந்தத் தின்பண்டம் நஞ்சு என்பதையும் தமிழில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் இப்போது வெறுமையாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
திருநகர், மதுரை.